நான்கு நாள் ஆளில்லாத பாலிடன்னல்: ஓர் அலாட்மென்ட் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

தென்கிழக்கு இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தில் அலாட்மென்ட் எனப்படும், உள்ளாட்சி மன்றம் வாடகைக்கு விடும் தோட்டத்துண்டு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்த ஒரு தம்பதிக்கு, அதை முன்பு வைத்திருந்தவர் விட்டுச்சென்ற பாலிடன்னலும், அதாவது வளைகுழாய்களின் மேல் பாலித்தீன் தாள் போர்த்திய பசுமைக்குடிலும், சேர்ந்தே கிடைத்தது. மூன்று மீட்டர் அகலமும் ஆறு மீட்டர் நீளமும் கொண்ட, நடுவில் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய, ஏறத்தாழ எல்லா அலாட்மென்ட் வளாகங்களிலும் காணக்கூடிய நடுத்தர அளவுதான் அது. கணவன் மனைவி இருவரும் மருத்துவமனையில் ஷிப்ட் முறையில் பணிபுரிபவர்கள். வீட்டிலிருந்து தோட்டத்துக்குப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். சனிக்கிழமை காலையும், வாரத்தின் நடுவே வசதிப்படும் ஒரு மாலையும் மட்டுமே அவர்களால் ஒதுக்க முடிந்தது. ஆகவே அந்தக் குடில் ஒவ்வொரு வாரமும் மூன்று முதல் நான்கு நாள்கள் தொடர்ந்து ஆளில்லாமல் இருந்தது. அதே வளாகத்தில் பக்கத்துத் துண்டை வைத்திருக்கும் என்னிடம், முதல் கோடையின் முடிவில், என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்லுமாறு அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அப்போது கண்டவையும், அதன்பின் வந்த பருவங்களில் செய்த மாற்றங்களும், அவற்றின் விளைவுகளும் இந்த ஆய்வில் பதிவாகின்றன.

பிரிட்டனில் 1908ஆம் ஆண்டின் சிறு பண்ணை மற்றும் அலாட்மென்ட் சட்டத்திலிருந்து இத்தகைய நிலங்களை உள்ளாட்சி மன்றங்கள் மக்களுக்கு வாடகைக்கு விட்டுவருகின்றன. முழுத் துண்டு என்பது மரபாகப் பத்து ராட், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். நிலம் வீட்டிலிருந்து விலகி இருப்பது, மின்சாரம் இல்லாதது, தண்ணீர் ஒரு பொதுக் குழாயிலிருந்தோ தொட்டியிலிருந்தோ எடுக்கப்படுவது, குளிர்காலத்தில் அந்தக் குழாயும் மூடப்பட்டுவிடுவது ஆகிய நான்கும் இங்கே பாலிடன்னல் வைப்பவர்களின் நிரந்தரச் சூழ்நிலைகள். வீட்டுக் கொல்லையில் இருக்கும் பசுமைக்குடிலுக்கு எழுதப்பட்ட அறிவுரைகள், காலையில் கதவைத் திறந்து மாலையில் மூடுவதற்கு ஒருவர் இருக்கிறார் என்று எண்ணி எழுதப்பட்டவை. அந்த ஒருவர் இல்லாதபோது அறிவுரையின் அடிப்படையே மாறிவிடுகிறது.

முதல் கோடையில் நடந்தவை

அவர்கள் தக்காளியைக் குரோ பேக் எனப்படும், மண்கலவை நிரப்பிய பைகளிலும், வெண்டையையும் கத்தரியையும் தொட்டிகளிலும் வைத்திருந்தார்கள்; வெள்ளரிக் கொடியை ஒரு மூலையில் கயிறு கட்டி ஏற்றியிருந்தார்கள். புறாக்களுக்கும் நரிகளுக்கும் அஞ்சி, கிளம்பும்போது இரண்டு பக்கத்துப் பாலித்தீன் கதவுகளையும் மூடிவிட்டுப் போனார்கள். ஜூலையில் தக்காளிப் பூக்கள் காய் பிடிக்காமல் காம்போடு உதிர்ந்தன; பிடித்த காய்களின் அடிப்பகுதி தோல்போலக் கறுத்தது. வெள்ளரி இலைகள் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்புள்ளிகள் கண்டு, பிறகு வெண்கல நிறமாகிச் சுருண்டன. வெண்டை காய்த்தது, ஆனால் சனிக்கிழமை பறித்த காய்களில் பாதி கத்திக்கு மசியாத நாராக இருந்தன.

இவை அனைத்துக்கும் தண்ணீர்ப் பற்றாக்குறையே காரணம் என்று எண்ணி, அவர்கள் ஒரு சொட்டுநீர்ப் பெட்டகத்தையும் பேட்டரி டைமரையும் வாங்கி, ஒரு தண்ணீர்ப் பீப்பாயோடு பொருத்தினார்கள். டைமர் குறித்த நேரத்தில் சரியாகச் சொடுக்கியது. குழாயின் முதல் இரண்டு சொட்டுவான்களைத் தாண்டி ஒரு துளியும் வரவில்லை. நான் அந்தக் குடிலை முதன்முறை முறையாகப் பார்த்தபோது, பீப்பாய் நிரம்பியிருக்க, பைகள் காய்ந்து கிடந்தன. பையினுள் இருந்த கலவை காய்ந்து சுருங்கி, ஓரத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. மேலே ஊற்றிய தண்ணீர் வேரைத் தொடாமல் அந்த இடைவெளி வழியே இறங்கிக் கீழே வடிந்துபோனது.

என் கணிப்பில் தண்ணீர் இரண்டாவது சிக்கல்தான். முதல் சிக்கல் வெப்பம். அதைவிட அடிப்படையான காரணம், அந்தக் குடிலுக்குள் எல்லாமே மிக விரைவாக மாறின என்பது. பத்து மணிக்கு இதமாக இருந்த காற்று பதினொன்றரைக்குள் கொதித்தது. காலையில் நனைந்திருந்த பை மறுநாள் காய்ந்தது. தினமும் செல்ல முடியாதவருக்கு வேண்டியது மாற்றங்களுக்கு உடனுக்குடன் ஈடுகொடுக்கும் கருவிகளைக் காட்டிலும், மாற்றங்களே மெதுவாக நிகழும் ஒரு குடில். பின்னர் செய்த ஒவ்வொரு வேலையையும், ஆண்டின் மிக வெப்பமான வாரத்தில் யாரும் வராமல் இந்தக் குடில் எத்தனை நாள் தாங்கும் என்ற ஒரே கேள்வியை வைத்தே முடிவுசெய்தோம்.

காற்றோட்டம்

இந்த அளவுள்ள குடிலுக்குள் அடைபட்டிருக்கும் காற்று சுமார் 28 கன மீட்டர். அதன் எடை 35 கிலோவுக்குள் அடங்கிவிடும். தெளிந்த ஜூன் நண்பகலில் 18 சதுர மீட்டர் தரைப்பரப்பின் மீது பத்து கிலோவாட்டுக்கும் மேல் வெயில் இறங்குகிறது. அவ்வளவு சிறிய காற்றின் மீது அவ்வளவு வெப்பம் விழுந்தால், வெளியே 23 டிகிரி இருக்கும் இதமான நாளிலும் மூடிய குடில் 40 டிகிரியை எளிதில் தாண்டிவிடும். பகல் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் நீடிக்கும்போது தக்காளியின் மகரந்தம் வீரியம் குன்றுகிறது; முதல் கோடையில் பூக்கள் உதிர்ந்ததற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவான நாடு இது என்பதையும், அப்படியொரு நாள் வார நடுவில்தான் வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் கதவுகளைக் கவனித்தோம். இரண்டு முனைகளிலும் பாலித்தீன் கதவுக்குப் பின்னால் வலைக் கதவு ஒன்றைச் சட்டமடித்துப் பொருத்தினோம். வலையின் கண் இரண்டு சென்டிமீட்டர். புறா நுழையாது, வண்டுத்தேனீ தாராளமாக நுழையும். மிக நுண்ணிய பூச்சிவலை வேண்டாம் என்று நான் வற்புறுத்தியதற்குக் காரணம், அது மகரந்தச் சேர்க்கைக்கு வரும் தேனீக்களையும் தடுத்துக் காற்றின் வேகத்தையும் கணிசமாகக் குறைக்கும் என்பதே. ஜூன் தொடக்கம் முதல் செப்டம்பர் இறுதி வரை பாலித்தீன் கதவுகள் இரவும் பகலும் பின்னால் கட்டப்பட்டு, வலைக் கதவுகள் மட்டும் மூடியிருக்கும் என்பது விதியாயிற்று. இதனால் இரவுகள் சற்றுக் குளிரும், காய்ப்பும் சில நாள் பின்தள்ளும். அந்த இழப்பை நான் மனமொப்பி ஏற்கிறேன். ஒரு குளிர்ந்த இரவு செடியைத் தாமதப்படுத்தும், மூடிய குடிலில் ஒரு கொதித்த பகல் ஒரு கொத்துப் பூக்களையே அழித்துவிடும்.

அடுத்தது பக்கவாட்டுத் திறப்பு. பெரும்பாலான பாலிடன்னல்களில் பாலித்தீன் இருபுறமும் பள்ளத்தில் புதைக்கப்பட்டிருக்கும்; இதிலும் அப்படித்தான். தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் வளைகுழாய்களின் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை முடுக்கி, அதன்மேல் பாலித்தீனை இழுத்து மெல்லிய ரீப்பர் வைத்து அடித்து, அது உறுதியாகப் பிடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகே கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் வலையைக் கட்டினோம். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் வெட்டினால் முழுத் தாளும் தளர்ந்துவிடும். காற்றில்லாத வெதுவெதுப்பான நாளில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும், ஏனென்றால் வெப்பத்தில் தளர்ந்திருக்கும்போது இழுத்து அடிக்கப்பட்ட பாலித்தீன் குளிரும்போது தானாக விறைத்துக்கொள்ளும். கீழிருந்து குளிர்ந்த காற்று நுழைய, கதவின் மேற்பகுதி வழியே சூடான காற்று வெளியேற, யாரும் தொடாமலே ஓர் ஓட்டம் உண்டானது.

மெழுகு உருளையால் இயங்கும் தானியங்கித் திறப்பான்களைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். வெப்பத்தில் விரியும் மெழுகு ஒரு தண்டைத் தள்ளிச் சன்னலைத் திறக்கும், மின்சாரம் வேண்டியதில்லை. ஒவ்வொரு கதவுக்கும் மேலே பாலிகார்பனேட் தகட்டில் ஒரு சிறு மடக்குச் சன்னல் செய்து, அதில் இதைப் பொருத்தினோம். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், கதவுகள் மூடியிருக்கும் வாரங்களில், இது பெரும் உதவி. கோடையில் இதை மட்டும் நம்ப முடியாது: மெழுகு சூடேறித் திறக்க கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், திறப்பின் பரப்பும் போதாது. உச்சக் கோடையில் ஒரு நிழல்வலையையும் சேர்த்தோம். அது குடிலின் தென்மேற்குப் பாதி மீது மட்டும், வெளிப்புறத்தில், ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை போர்த்தப்படுகிறது. உள்ளே கட்டப்படும் நிழல்வலை வெப்பம் நுழைந்த பிறகே அதை மறிக்கிறது என்பதால் அதில் பயன் குறைவு.

குடிலின் வடக்கு ஓரத்தில் 210 லிட்டர் கொள்ளும் கறுப்புப் பீப்பாய் ஒன்றைத் தண்ணீர் நிரப்பி வைத்தது வெப்பத்துக்காகவும்தான். அந்தத் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம், குடிலின் காற்று முழுவதையும் ஏறத்தாழ 25 டிகிரி சூடேற்றப் போதுமானது. ஏப்ரல், மே மாத இரவுகளில் அது மெல்ல விடும் வெப்பம் சிறிதே ஆனாலும் வீண்போவதில்லை.

தண்ணீரும் மண்ணும்

கோடையில் குடிலுக்குள் ஒரு சதுர மீட்டர் பாத்தி ஒரு நாளில் மூன்று முதல் நான்கு லிட்டர் தண்ணீரை இழக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நடைபாதை போக இந்தக் குடிலில் பயிர்ப்பரப்பு 12 சதுர மீட்டர். ஆகவே வெப்பமான ஒரு நாளுக்கு 36 முதல் 48 லிட்டர், நான்கு நாளுக்கு 150 முதல் 190 லிட்டர். இந்தத் தண்ணீரை எங்கே சேமிப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் பீப்பாயைக் காட்டுவார்கள். நான் முதலில் மண்ணைக் காட்டுகிறேன். நல்ல கலப்பு மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 150 மில்லிமீட்டர் அளவுக்குச் செடிக்குக் கிடைக்கக்கூடிய நீரைப் பிடித்துவைக்கும். வேர் அரை மீட்டர் இறங்கினால், சதுர மீட்டருக்கு 75 லிட்டர். அதில் பாதியைச் செடி வாடாமல் எடுத்துக்கொள்ளும் என்றாலும் ஒன்பது பத்து நாள்கள் தாங்கும். பையிலோ தொட்டியிலோ நிற்கும் வளர்ந்த தக்காளிச் செடிக்கு இருப்பது பதினைந்து லிட்டர் கலவையில் அடங்கிய சிறிதளவு நீர். இரண்டு நாளில் அது தீர்ந்துவிடும். குரோ பேக்குகளையும் தொட்டிகளையும் முழுமையாக நீக்கி, எல்லாப் பயிரையும் தரையில் நடச் செய்ததே இந்த நிகழ்வில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பலனைத் தந்த மாற்றம்.

ஆனால் குடிலின் மண் மழை காணாத மண். வெளியே வாரக்கணக்கில் பெய்தாலும் உள்ளே ஒரு சாண் ஆழத்தில் புழுதி பறக்கலாம். அதனால் நடவுக்கு இரண்டு வாரம் முன்பே, சில நாள் இடைவெளி விட்டு, பாத்தியை ஆழம் வரை நனைய விட்டோம்; கம்பியைச் செருகி எடுத்து அதன் நுனியில் ஈரம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதே சோதனை. நட்டபின் ஏழெட்டு சென்டிமீட்டர் தடிமனுக்கு மக்கிய உரமும் வைக்கோலும் மூடாக்காக இட்டோம். மூடாக்கில் நத்தைகள் குடியேறும் என்பது உண்மைதான். தண்டுகளைச் சுற்றி ஒரு கை அகலம் வெறுமையாக விட்டால் சேதம் குறைகிறது.

சொட்டுநீர் ஏன் முதல் கோடையில் ஓடவில்லை என்பதற்கு விடை எளிது. ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள தண்ணீர் தருவது 0.1 பார் அழுத்தம் மட்டுமே. பெட்டகத்தில் வந்த அழுத்தச் சமன் சொட்டுவான்களுக்கு அரை பார் முதல் ஒரு பார் வரை வேண்டும். டைமரும் உள்ளே சவ்வு வால்வு கொண்ட வகை. அது திறப்பதற்கே குழாய்நீரின் அழுத்தம் தேவை. பந்து வால்வு கொண்ட, அழுத்தமே இல்லாமல் இயங்கும் டைமர் ஒன்றையும், தாழ்ந்த அழுத்தத்துக்கென்றே உள்ள சொட்டுநீர் நாடாவையும், நடுவே கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டியையும் வைத்தபின் அதே பீப்பாய் கடைசிச் செடி வரை நீரைக் கொடுத்தது. நாடாவின் கடைசித் துளைக்கு அடியில் ஒரு ஜாம் குப்பியைப் புதைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்தே ஓடவேண்டிய நேரத்தை முடிவுசெய்தோம். பீப்பாய் குறையக் குறைய அழுத்தமும் குறையும் என்பதால், நிரம்பிய நிலையில் ஒருமுறையும் பாதி நிலையில் ஒருமுறையும் அளப்பது அவசியம்.

பொதுக் குழாயிலேயே டைமரை நேரடியாக மாட்டிவிடலாமே என்று அவர்கள் கேட்டார்கள். பல வளாகங்களில் ஆளில்லாமல் குழாய் இணைப்பை விட்டுச்செல்ல விதிகளே இடம் தருவதில்லை, இங்கும் அப்படித்தான். விதி இல்லாவிட்டாலும் நான் அதற்கு உடன்படமாட்டேன். ஒரு இணைப்பு கழன்றால், பீப்பாயில் இருப்பது 210 லிட்டரோடு முடிந்துவிடும். பொதுக் குழாய் நான்கு நாளும் ஓடி அக்கம்பக்கத்துத் துண்டுகளையும் சேறாக்கிவிடும். அளந்து நிரப்பிய நீர் மட்டுமே பயிரை அடைய முடியும் என்ற எல்லை ஒரு பாதுகாப்பு.

பீப்பாயின் அடி தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால், கான்கிரீட் கட்டைகளை அடுக்கி மேடை அமைத்து, வெளிப்புறத்தில் இரண்டாவது பீப்பாய் ஒன்றை ஏற்றினோம். நிரம்பிய பீப்பாய் 200 கிலோவுக்கு மேல் எடை கொண்டது; இந்த மேடையில் சிக்கனம் கூடாது. கருவிக் கொட்டகையின் கூரை ஆறு சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு அதிலிருந்து 60 லிட்டர் வரை சேர்கிறது. மீதியை வருகை நாள்களில் தொட்டியிலிருந்து பூவாளியால் சுமந்து நிரப்புகிறார்கள். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைத் தொட்டியில் பாசி பிடித்துச் சொட்டுத் துளைகள் அடைபடும் என்பதால் கறுப்புப் பீப்பாயே தேர்வு.

பீப்பாயின் மூடியில் ஒரு துளையிட்டு, தக்கையில் செருகிய ஒரு குச்சியை மிதக்கவிட்டு, அதன் உச்சியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருக்கிறோம். தண்ணீர் குறையும்போது துணி மூடியை நோக்கி இறங்கும். பாதையில் நடந்துபோகும் நான் குடிலுக்குள் நுழையாமலே அதைப் பார்த்துத் தகவல் அனுப்ப முடிகிறது. அண்டைத் துண்டுக்காரரிடம் உதவி கேட்பவர்கள் தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கேட்கிறார்கள், அது நீடிப்பதில்லை. ஒரு கண்பார்வை அளவுக்கு உதவியைச் சுருக்கினால் யாரும் சலிப்பில்லாமல் ஆண்டுக்கணக்கில் செய்வார்கள்.

மிளகாய்ப் பாத்தியில் சொட்டுநீருக்குப் பதிலாக, மெருகிடாத சுடுமண் பூந்தொட்டிகளின் அடித்துளையை அடைத்து, கழுத்தளவு புதைத்து, மூடியிட்டு நீர் நிரப்பினோம். மண் காயும்போது மட்டுமே தொட்டியின் சுவர் வழியே நீர் கசியும்; வேர்கள் அதைச் சுற்றிப் பின்னிக்கொள்கின்றன. இலையுதிர் காலத்தில் இவற்றைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். உள்ளே நீர் உறைந்தால் வெடித்துவிடும்.

எதை வளர்ப்பது, எதை விடுவது

இங்கே அவர்களோடு எனக்கு நீண்ட விவாதம் நடந்தது. வெண்டையை விட அவர்களுக்கு மனமில்லை. குளிர்நாட்டில் தன் கையால் வெண்டை பறிப்பதன் மகிழ்ச்சி எனக்கும் தெரியும். ஆனால் வெண்டைக் காய் பிஞ்சாக இருப்பது இரண்டு மூன்று நாள்தான். நான்கு நாள் இடைவெளியில் வருபவர் பறிப்பதில் பெரும்பகுதி முற்றல்தான், முற்றிய காய்களைச் செடியில் விட்டால் புதிய காய்ப்பும் தளரும். வெள்ளரியும் இதே இடர் கொண்டது. அதோடு ஈரம் சற்றுத் தவறினாலும் கசக்கும். மிளகாய் வாரக்கணக்கில் செடியிலேயே காத்திருக்கும். கத்தரி ஒரு வாரம் பொறுக்கும். தக்காளியில் சிறிய வகைகளைத் தேர்ந்தோம். நீர் சீரில்லாதபோது காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமல் அடிப்பகுதி கறுப்பது நீள்வடிவ வகைகளில் அதிகம், செர்ரி வகைகளில் மிகக் குறைவு. வார நடு மாலைக்கும் சனிக்கும் இடைப்பட்ட நாள்கள் குறைவு என்பதால், இரண்டே இரண்டு வெண்டைச் செடிகளுக்கு மட்டும் இடம் தந்து சமரசம் செய்துகொண்டோம்.

நாற்றுகள் குடிலில் வளர்க்கப்படுவதில்லை. சிறு குழிகளில் நிற்கும் நாற்றுக்கு ஒரு வெயில் நாளே முடிவாகிவிடும். அவை வீட்டுச் சன்னலோரத்தில் வளர்ந்து மே நடுவுக்குப் பிறகு நேரே பாத்திக்குப் போகின்றன.

செஞ்சிலந்தி, பூஞ்சணம், குளிர்காலம்

வெள்ளரி இலைகளை அழித்தது செஞ்சிலந்திப் பேன். 30 டிகிரி வறண்ட வெப்பத்தில் முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை அதற்கு ஒரு வாரம் அளவே போதும். எனவே ஒரு வருகையைத் தவறவிட்டால் ஒரு தலைமுறையே கூடிவிடும். ஒவ்வொரு வருகையிலும் மற்ற எந்த வேலைக்கும் முன்பு, கைக்கண்ணாடியோடு கீழ் இலைகளைத் திருப்பிப் பார்ப்பது அவர்களுடைய முதல் வேலையாக வைக்கப்பட்டது. முதல் புள்ளிகள் கண்டதும் ஃபைட்டோசீயூலஸ் பெர்சிமிலிஸ் என்னும் கொன்றுண்ணிப் பேனை வாங்கி விட்டோம். கூட்டம் பெருகியபின் விட்டால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. காற்றோட்டம் சீரான பிறகு தாக்குதலின் வேகமே குறைந்தது என்பது என் கணிப்பு.

தக்காளியின் பின்பருவ இலைக்கருகல் வேறு வழியில் வருகிறது. தொடர்ந்து இரண்டு நாள்கள் குறைந்தபட்ச வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாமலும், ஒவ்வொரு நாளும் ஆறு மணி நேரமாவது ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் அது பரவும் அபாயம் உண்டு என்பது 2017 முதல் பிரிட்டனில் இதே நோய்க்காக உருளைக்கிழங்கு விவசாயிகள் பின்பற்றும் ஹட்டன் அளவுகோல். குடிலின் கூரை இலைகளை மழையில் நனையாமல் காக்கிறது. அந்த நன்மையை மாலை நேரப் பாசனத்தால் கெடுக்கக் கூடாது என்பதால் டைமர் விடியற்காலைக்கு வைக்கப்பட்டது.

குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ். அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடு வரை பகல் பத்து மணி நேரத்துக்கும் குறைவு; வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் விதைத்த பசலையும் கொத்தமல்லியும் அதற்குள் போதிய அளவு வளர்ந்துவிட்டால், பிறகு குடில் அவற்றைக் காத்துவைக்கும் அறையாக மட்டும் இருக்கும். வாரம் ஒரு வருகை போதும். அப்போதைய அச்சம் புயல்தான். 2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயலில் வைட் தீவின் நீடில்ஸில் மணிக்கு 122 மைல் வேகக் காற்று பதிவானது. திறந்த கதவு வழியே நுழையும் காற்று பாலித்தீனை உள்ளிருந்து தூக்கிவிடும். ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரை பாலித்தீன் கதவுகள் தாழிட்டே இருக்கின்றன. பக்கவாட்டு வலையின் மேல் ஒரு பாலித்தீன் திரை இறக்கிக் கட்டப்படுகிறது. மெழுகுச் சன்னல்கள் வெயில் வரும் நாளில் மட்டும் திறந்து ஈரத்தை வெளியேற்றுகின்றன.

தற்போதைய நிலை

மாற்றங்களுக்குப் பிந்தைய கோடைகளில் தக்காளி சீராகக் காய்த்தது. காய்களின் அடி கறுப்பது பருவத்தின் முதல் கொத்தில் ஒன்றிரண்டோடு நின்றது. மிளகாயும் கத்தரியும் அக்டோபர் வரை நீடித்தன. அவர்கள் இரண்டு வாரம் ஊருக்குச் சென்றபோது, கிளம்பும் நாளில் மண்ணை ஆழமாக நனைத்து, பறிக்கக்கூடிய காய்களையெல்லாம் பறித்து, பீப்பாயை நிரப்பிவிட்டுப் போனார்கள்; இடையில் சிவப்புத் துணி இறங்கியதைப் பார்த்து நான் ஒருமுறை பீப்பாயை நிரப்பியது மட்டுமே வெளியுதவி.

தீராத ஒன்று மண்ணின் உப்பு. மழை கழுவாத மண்ணில், உரத்தின் எச்சம் ஆண்டுக்காண்டு மேலே தங்குகிறது. சொட்டுநீர் நனையாத ஓரங்களில் இப்போதே வெண்மையான படிவம் தெரிகிறது. இலையுதிர் காலத்தில் குழாய் மூடப்படும் முன்பு பாத்திகளை வெள்ளமாக நனைத்து உப்பைக் கீழே இறக்குவது ஒரு வழி. பாலித்தீன் ஐந்தாறு ஆண்டுகளில் எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும். பழைய தாளை இலையுதிர் காலத்திலேயே கழற்றி, ஒரு குளிர்காலம் முழுவதும் மண்ணை மழைக்குத் திறந்து வைத்து, வசந்தத்தில் வெதுவெதுப்பான ஒரு நாளில் புதிய தாளைப் போர்த்துமாறு நான் பரிந்துரைத்திருக்கிறேன். அந்த ஆண்டின் குளிர்காலக் கீரையை இழக்க அவர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை.